தம்பிக்கு நான் படித்த வாழ்த்து மடல்

எங்கள் ஊரில் யாருக்காவது பாராட்டு விழா என்றால் முதலில் தேடுவது பொன்னாடையை அல்ல, என்னைத்தான். பொன்னாடை கும்பகோணத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். வாழ்த்து மடல் எழுதித் தர ஆள் கிடைக்காது. நான் நடுநிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர். ஓய்வு பெறும் தபால்காரர், வெள்ளிவிழாத் தம்பதி, கபடியில் ஜெயித்த பிள்ளைகள், காலமான மிராசுதார் என்று எல்லோருக்கும் எழுதியிருக்கிறேன். எழுதி, கம்ப்யூட்டர் சென்டரில் பூ பார்டர் போட்டு அச்செடுத்து, கண்ணாடிச் சட்டம் மாட்டி, மேடையில் நானே ஏற்ற இறக்கத்தோடு படித்தும் கொடுப்பேன். "வங்கக் கடல் வற்றினாலும் வற்றாத வள்ளன்மை" என்று ஒரு பெரியவருக்கு எழுதினேன். அவர் வீட்டுக் கிணற்றில் எங்கள் தெரு ஆட்கள் ஒரு நாளும் தண்ணீர் எடுத்ததில்லை. எழுதும்போது அது ஞாபகம் வரவில்லை. அடுக்குமொழி ஓடத் தொடங்கிவிட்டால் எனக்கு முன்பின் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தம்பியிடம் இருந்த ஒன்றை நான் அப்படித்தான் தொலைத்தேன்.

தம்பி என்னைவிட ஐந்து வயது இளையவன். குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர், வாடகைக்கு ஓட்டும் ஒரு பழைய டிராக்டர், இவ்வளவுதான் தொழில். அதோடு ராணுவத்தில் பகுதிநேர வீரன். வருடத்தில் இரண்டு மாதம் முகாமுக்குப் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். சண்டை, புயல், வெள்ளம் என்று வந்து அழைப்பு வந்தால் அப்போதும் போக வேண்டும். மற்ற நாளெல்லாம் அவனவன் வேலையை அவனவன் பார்க்கலாம். ஊரில் இதற்கு வைத்த பெயர் 'ரெண்டு மாசப் பட்டாளம்'. கேலிதான். ஆனாலும் கேலி செய்தவர்கள் அவன் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதில்லை.

அந்த இரண்டு மாதம் எங்களுக்கு என்னவாக இருந்தது என்று சொல்லாவிட்டால் மற்றது புரியாது. பெரிய தெருவில் அரிசி மில் வைத்திருக்கிறவரின் நிலத்தில்தான் எங்கள் அப்பாவும் அம்மாவும் நாற்றுப் பறித்தார்கள், நட்டார்கள், அறுத்தார்கள். மில்காரருக்கு எங்கள் தெரு ஆண்கள் எல்லோரும் 'டேய்'. பதினெட்டு வயதுக்காரனும் டேய், பேரன் எடுத்தவரும் டேய். என்னை மட்டும் டீச்சர் என்பார், அவருடைய பேத்திக்கு நான் பாடம் எடுத்ததால். தம்பி முதல் முகாம் முடிந்து உடுப்போடு பஸ்ஸை விட்டு இறங்கினான். இறங்கிய இடம் மில் வாசல். மில்காரர் வெளியே வந்து பார்த்தார். ஒரு நொடி தயங்கிவிட்டு, "வாங்க தம்பி, உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். அந்த நாற்காலியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேசினோம். தம்பி உட்கார்ந்தானா, நுனியில் உட்கார்ந்தானா, சாய்ந்து உட்கார்ந்தானா என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதற்குப் பிறகு 'டேய்' வரவே இல்லை. உடுப்பு பெட்டிக்குள் மடித்துக் கிடந்த பத்து மாதமும் அந்த 'ங்க' இருந்தது. நான் அவனை 'டா' போட்டுக் கூப்பிடுவது அக்காவின் உரிமை. அவர் போட்டது வேறு. எங்கள் தெருவில் பிறந்த யாருக்கும் இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

இனி அந்தக் கார்த்திகை. நாலு நாள் விடாத மழை. சம்பா தூர் கட்டியிருந்த நேரம். காவிரியில் பிரிந்து வரும் எங்கள் கிளையாறு கரையை முட்டிக்கொண்டு ஓடியது. ஊருக்கு மேற்கே ஆறு வளையும் இடத்தில் ஒரு மதகு உண்டு. அந்த இடத்துக் கரையைத்தான் கோடையில் ஒரு கான்ட்ராக்டர் பலப்படுத்தியிருந்தார். பலப்படுத்தினது என்றால், பக்கத்துத் திடலில் இருந்த பொலபொலத்த மண்ணை அள்ளி மேலே கொட்டி, பெயர்ப் பலகை நட்டது. காலை எட்டு மணி இருக்கும், மதகை ஒட்டிக் கரை உடைத்துக்கொண்டது. எங்கள் தெருக் கோயில் மணி அடித்தது. சர்ச்சைத்தான் சொல்கிறேன், நாங்கள் லுத்தரன் சபை, எங்களுக்கு அது கோயில். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அந்த மணி விடாமல் அடித்தால் தண்ணீர் என்று அர்த்தம். ஊரிலேயே தாழ்ந்த இடம் எங்கள் தெரு. உடைப்பு எங்கே எடுத்தாலும் தண்ணீர் முதலில் வரும் வீடு எங்களுடையதுதான்.

தம்பி இரண்டு பேருக்கு போன் போட்டான். அவனோடு முகாமுக்கு வருகிறவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். ஒருவர் மெக்கானிக், இன்னொருவர் மீன் வியாபாரம். பாதி தூரம் பைக்கிலும், ரோடு முங்கியதால் மீதி தூரம் நடந்தும் வந்து சேர்ந்தார்கள். அதுவரை கரையில் ஐம்பது பேர் நின்று ஐம்பது யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்று பேரும் வந்து நின்றதும் சத்தம் அடங்கியது. முதலில் இரண்டு வரிசை மூங்கில் முளை, அப்புறம் குறுக்கே தென்னங்கட்டை, இடையில் வைக்கோல் கட்டு, அதன்மேல் மண்மூட்டை என்று பிரித்துச் சொன்னார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது அவர்கள் மூன்று பேர்தான். சாக்கு மில்லில் இருந்து வந்தது, அதை மறைக்க மாட்டேன். மில்காரரும் வந்தார். குடை பிடித்துக்கொண்டு கரைமேல் நின்றார். நான் மூட்டை கைமாற்றும் வரிசையில் நின்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு ஒரு தென்னங்கட்டை புரண்டு வந்து தம்பியின் வலது கையை மதகுச் சுவரோடு வைத்து நசுக்கியது. அவன் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். துண்டைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு, உடைப்பு அடைபடும் வரை இன்னும் இரண்டு மணி நேரம் தண்ணீரிலேயே நின்றான். கரை ஏறியதும்தான் முகம் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தேன். டிராக்டரிலேயே ஏற்றிக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனோம்.

ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நரம்பு போயிருந்தது. தைத்தார்கள். "ஆறு மாசம் விடாம பயிற்சி செஞ்சா மடங்கிரும்" என்றார் டாக்டர். "அவசரப்பட்டா வராது."

ஆறு மாதம் என்றால் வைகாசி. வைகாசியில்தான் முகாம். அந்த முகாமில்தான் அவனுக்கு அடுத்த சில வருடங்களுக்கு நீட்டிப்பு கொடுக்க வேண்டும். நீட்டிப்புக்கு உடல் தகுதி பார்ப்பார்கள். துப்பாக்கி பிடிக்கிறவனுக்கு ஆள்காட்டி விரல் மடங்காவிட்டால் அங்கே வேலை இல்லை. அதற்குள் மடங்கிவிட்டால் ஒரு தழும்பு மட்டும்தான், யாரும் கேட்கப்போவதில்லை.

"வைகாசி வரைக்கும் இது வெளியில தெரிய வேணாம்க்கா" என்றான். "கையில அடி, ஆறிருச்சுன்னு மட்டும் சொல்லு."

வெளியில் இருக்கும்போது அந்தக் கையில் எப்போதும் ஒரு துண்டைச் சுற்றியிருப்பான். வீட்டில் நாற்றங்கால் களிமண்ணை உருட்டி வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருப்பான். தம்பி மனைவி சப்பாத்தி மாவைக்கூட அவனிடம்தான் கொடுப்பாள். வாரம் ஒரு முறை நான் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளப்பேன். ஆறு சென்டிமீட்டரில் ஆரம்பித்தது. பொங்கலுக்கு நாலரைக்கு வந்தது. ஒவ்வொரு அரை சென்டிமீட்டருக்காகவும் நான் ஜெபம் பண்ணியிருக்கிறேன்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் பாராட்டு விழா என்று மில்காரர் அறிவித்தார். விழாக் குழுத் தலைவர் அவர்தான். அழைப்பிதழ் புரூப்பை எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்தார். தலைமை அவர். முன்னிலை என்று பதினோரு பேர். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை எல்லாம் முடிந்து, ஏற்புரை என்ற இடத்தில், நன்றியுரைக்கு ஒரு வரி மேலே, பொடி எழுத்தில் மூன்று பேர் பெயர். கரையில் பொலபொலத்த மண்ணைக் கொட்டிய கான்ட்ராக்டர் வாழ்த்துரையில் இருந்தார், போட்டோவோடு.

"எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடலாமே சார்" என்றேன்.

"எடம் இல்லீங்க டீச்சர். மேடையில அவங்களுக்குத்தானே எல்லாம்" என்றார். "மடல் வழக்கம்போல நீங்கதான். உங்க தம்பிக்கு உங்களவிட யாரு எழுதுவா? அப்புறம் ஒரு விஷயம். மூணு பேரும் உடுப்புல வந்தா விழா எடுப்பா இருக்கும். சொல்லி வைங்க."

எனக்கும் அதுதான் ஆசை. தம்பியிடம் போய்ச் சொன்னேன்.

"முகாம் இல்லாத நாள்ல போடக்கூடாது" என்றான்.

"ஒரு நாள்தானடா. பெரிய தெருவே வந்து பாக்கட்டும்."

"பாத்தவங்கதானக்கா. வெள்ளச் சட்டை போதும்." கொஞ்ச நேரம் களிமண்ணைப் பிசைந்துகொண்டிருந்துவிட்டு, "மடல்ல கையப் பத்தி எழுதாத" என்றான்.

எழுதவில்லை. அந்த மடலை எடுத்து எத்தனை முறை வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். "கரை காத்த கரங்களே" என்று தொடங்கும். மூன்று பேரையும் சேர்த்துத்தான் இருக்கும். விரல் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எழுத்தில் நான் அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன்.

விழா பஸ் ஸ்டாண்டு பக்கத்து மண்டபத்தில், மாலை நாலு மணிக்கு. வாசலில் ஃப்ளெக்ஸ். மில்காரர் ஆளுயரத்துக்கு நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே மூன்று வட்டத்துக்குள் மூன்று பேர், பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கிப் போட்டது. மேடையில் முன்வரிசை நாற்காலிகளுக்குத் துண்டு போர்த்தியிருந்தார்கள். அதில் முன்னிலை வகிக்கிறவர்கள். பின்வரிசையில் துண்டு இல்லாத நாற்காலியில் தம்பியும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும். நான் ஓரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொகுப்புரையும் என் பொறுப்பு.

ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். கட்சிப் பிரமுகர் ஒருவர், தானே நேரில் வந்து நின்று உடைப்பை அடைத்ததாகச் சொன்னார். அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. கான்ட்ராக்டர் வந்தார். அவருக்கும் ஒரு பொன்னாடை. "கோடையிலயே கரையப் பலப்படுத்தினதாலதான் இவ்வளவோட போச்சு, இல்லாட்டி ஊரே போயிருக்கும்" என்றார். கை தட்டினார்கள். நானும் மைக்கில், "அருமையாக எடுத்துரைத்தார்" என்றேன். பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

கடைசியில் தலைமையுரை. மில்காரர் எழுந்து நின்று, சாக்கில் தொடங்கினார். எத்தனை சாக்கு, எவ்வளவு நல்ல சாக்கு. பிறகு திரும்பிப் பின்வரிசையைக் கையால் காட்டினார்.

"நாங்க கரையில நின்னு சொல்லச் சொல்ல, நம்ம பசங்க செஞ்சாங்க. சொன்ன வேலையத் தட்டாம செய்யிற பசங்க. அவங்க அப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

தம்பிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மீன் வியாபாரிக்கு நாற்பதுக்கு மேல். பசங்க. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எங்கள் அப்பாவை அந்த மேடையில் இழுத்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது, குரல் நடுங்காது, தமிழ் இன்னும் நன்றாக வரும். அதுதான் கேடு.

மடல் படிக்க என்னை நானே அழைத்துக்கொண்டேன். சட்டம் போட்ட மடல் கையில் இருந்தது. அதை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அவையைப் பார்த்துப் பேசினேன். எழுதி வைத்துப் பேசியதல்ல, ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

"கரையில் நின்றவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். தண்ணீரில் நின்றவர்களைப் பற்றிக் கேளுங்கள். இதோ, பின்வரிசையில் இருக்கிற என் தம்பியின் வலது கையைப் பாருங்கள். அந்தக் கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்கவில்லை. சோற்றை அள்ள முடியவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட முடியவில்லை. நாம் கொடுத்தது சாக்கு. அவன் கொடுத்தது கை."

முன்வரிசையில் மில்காரர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு உற்சாகம் ஏறியது. தம்பி பின்னால் எழுந்து நின்றான். வலது கையை மார்புக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை என் பக்கம் காட்டினான். சுற்றியிருந்த துண்டு நழுவி, அந்த இரண்டு விரல்களும் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தன. சனங்கள் கை தட்டினார்கள். அவன் சபைக்கு வணக்கம் சொல்கிறான் என்று நினைத்தேன். கூச்சப்படுகிற பிள்ளை, எழுந்து நின்று கையைக் காட்டிவிட்டானே என்று மனசு பொங்கியது. இன்னும் நாலு வாக்கியம் சேர்த்தேன். எங்கள் தெருப் பெண்கள் அழுதார்கள். நான் மைக் பிடித்த இத்தனை வருடத்தில் அப்படி ஒரு கைதட்டல் கேட்டதில்லை.

மறுநாள் பேப்பரில் மாவட்டப் பக்கத்தில் படம் வந்தது. எழுந்து நின்று கையைத் தூக்கிய தம்பி. 'கையைக் கொடுத்துக் கரையைக் காத்த வீரர், பலத்த கரவொலிக்கு நன்றி தெரிவிக்கிறார்' என்று கீழே போட்டிருந்தார்கள். விரல் மடங்காத கதை முழுதும் இருந்தது, என் வாக்கியங்களோடு. அந்தப் படம் போன் போனாகப் போயிற்று. மில்காரர் மகனே நூறு பேருக்கு அனுப்பியிருப்பான், ஊருக்குப் பெருமை என்று.

நாலாம் நாள் தம்பிக்கு அவனுடைய படைப்பிரிவில் இருந்து போன் வந்தது. முதலில் பாராட்டினார்களாம். அப்புறம் கையைப் பற்றிக் கேட்டார்களாம். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதுவும் அந்த போனில். வைகாசி வரை காத்திருக்க வேண்டாம், நீட்டிப்பு விஷயம் இருப்பதால் மாசியிலேயே வந்து மருத்துவப் பரிசோதனை முடித்துவிடு என்றார்கள். மாசியில் ஸ்கேலில் மூன்றரை காட்டியது. போனான்.

திரும்பி வந்தவன் பையை வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். குளித்துவிட்டு வந்து சாப்பிட்டான். அதற்குப் பிறகுதான் சொன்னான்.

"தகுதி இல்லன்னுட்டாங்க. நீட்டிப்பு கெடையாது."

"அடிபட்டது ஊருக்காகத்தானடா. அதச் சொன்னியா?"

"சொன்னேன். யாரு உத்தரவுல போனேன்னு கேட்டாங்க. கோயில் மணி அடிச்சிது சார்னேன்." கொஞ்சம் சிரித்தான். "அவங்க மேலயும் தப்பு இல்லக்கா. நான் அழைப்புல போயிருந்தாக் கணக்கு வேற. ரூல் அதானே."

அவர்கள்மேல் தப்பு இல்லை. மில்காரர்மேலும் சட்டப்படி தப்பு இல்லை, அவர் சாக்கு கொடுத்தார், விழா எடுத்தார். கான்ட்ராக்டருக்கு அடுத்த கோடையில் அதே கரையில் மறுபடியும் வேலை கிடைத்தது. எல்லோரும் அவரவர் இடத்தில் நன்றாகத்தான் இருந்தோம். மைக்கைப் பிடித்தவள் நான் ஒருத்திதான்.

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் தம்பி மனைவி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணி, வந்து பாருங்க." தம்பி காபி தம்ளரை வலது கையில் பிடித்திருந்தான். ஐந்து விரலும் தம்ளரைச் சுற்றி மடங்கியிருந்தன. டாக்டர் சொன்ன ஆறு மாதத்துக்குக்கூட இன்னும் நாள் இருந்தது. ஸ்கேலை எடுத்துவந்து வைத்தேன். அளக்க இடைவெளி இல்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனு எழுதிப் போட்டோம், நான்தான் எழுதினேன், அடுக்குமொழி இல்லாமல். அந்த இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று என்று பதில் வந்தது.

பதில் வந்த அன்றைக்குத்தான் அவனிடம் கேட்டேன். இத்தனை நாள் கேட்கப் பயந்தது.

"நான் அப்படிப் பேசுறப்ப நீ ஏண்டா என்னைத் தடுக்கல?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கையக் காட்டுனேனேக்கா" என்றான். "போதும்னு எழுந்து நின்னு கையக் காட்டுனேன். நீ பாத்த. பாத்துட்டுத்தான் இன்னும் சத்தமாப் பேசுன."

ஊரே கை தட்டியது, பேப்பரில் வந்தது, மில் ஆபீஸில் லேமினேஷன் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அது வணக்கம் இல்லை. என்னை நிறுத்தச் சொன்ன கை. அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தான். வாராவாரம் அந்தக் கையை அளந்தவள். அன்றிலிருந்து நான் யாருக்கும் மடல் எழுதுவதில்லை. கேட்டால் கண் பவர் போய்விட்டது என்கிறேன்.

தம்பிக்கு நீட்டிப்பு இல்லை என்ற சேதி ஊருக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது. வைகாசி வந்தும் அவன் முகாமுக்குப் போகாததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார்கள். மில்காரர் முதலில் 'வாங்க'வை 'வாப்பா' ஆக்கினார். ஆடியில் தண்ணீர் திறந்துவிட்டபோது 'வா' ஆனது. நாற்காலி எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அவன் வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

இந்த ஐப்பசியில் மறுபடியும் மழை. சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. நான் தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு மில்காரர் பைக்கில் வந்தார். இறங்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், மதகுக்கிட்ட கசியுது. நாலு பயலுவளக் கூட்டிட்டு வெரசா வா."

அவர் என்னைப் பார்த்தார். "டீச்சர் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. இந்த வருசமும் மழை நின்னதும் பசங்களுக்கு ஒரு விழா வெச்சிருவோம். மடல் நீங்கதான். போன தடவ அழ வெச்சிட்டீங்க போங்க."

எழுந்தேன். வாய்வரை வந்துவிட்டது. அவன் பெயருக்கு முன்னால் போட வேண்டிய எல்லாமும், அந்த 'டேய்'க்குச் சொல்ல வேண்டிய எல்லாமும், கரையில் நின்ற குடையும், பொலபொலத்த மண்ணும், எங்கள் அப்பாவும். அவ்வளவு நல்ல தமிழ் எனக்கு எந்த மேடையிலும் வந்ததில்லை.

தம்பி மண்வெட்டியோடு வெளியே வந்தான். தண்ணீர் வந்தால் இந்தத் தெருவுக்குத்தான் முதலில் வரும், அவன் போகாமல் இருக்க முடியாது, எனக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்தான். வலது கையை மார்புக்கு மேலே தூக்கி, உள்ளங்கையை என் பக்கம் காட்டினான்.

இந்த முறை எனக்குப் புரிந்தது. நிறுத்திக்கொண்டேன்.

பிறகு மில்காரர் பக்கம் திரும்பி, "வர்றேங்க" என்று மட்டும் சொன்னான். தூக்கிய கையை மெதுவாக மடக்கிக் கீழே இறக்கினான். விரல்கள் எல்லாம் நன்றாக மடங்கின.